மூடி திறக்காத மூன்று புட்டிகள்

ஹம்மர்ஃபெஸ்ட்,
டிசம்பர் 12

அன்புள்ள எய்லர்ட்,

இங்கே நான் நலம். நீ நலமா என்பதை இந்த முறை சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை. நாளை இங்கிருந்து கிளம்பி உங்கள் கப்பலில் வந்து சேரும் நம் ஊர் யுஸ்டைனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பொட்டலமும் தருவான். கடிதத்தைப் படித்துவிட்டு அதைப் பிரி.

சூரியன் போய் மூன்று வாரமாகிறது. நண்பகலில் மட்டும் ஒரு நீல வெளிச்சம் வந்து சன்னலோரம் சற்று நின்றுவிட்டுப் போகிறது. அந்த நேரத்தில் நான் விழித்திருக்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை. உன் ரத்தம் நினைவுக்கு வருகிறது.

ஏப்ரலில் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று மருத்துவமனை ஆய்வகத்தில் என் முறை. உன் ரத்தம் இருந்த குழாயை இயந்திரத்தில் சுழற்றி எடுத்தால், மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டிய இடத்தில் பால் நின்றது. அத்தனை கொழுப்பு. கூட வேலை செய்யும் ஓசெ எட்டிப் பார்த்து, "யாருடி இது, காப்பில ஊத்திக்கலாம் போல" என்றாள். நான் பெயரைக் காட்டினேன். அவள் என் கையிலிருந்து குழாயை வாங்கி, மீதி வேலையைத் தானே செய்தாள். எனக்கோ, இருபது வருடம் பக்கத்தில் படுத்திருந்த மனிதனுக்குள் ஓசையில்லாமல் ஒரு மூடுபனி நடந்துகொண்டிருந்திருக்கிறது என்று தோன்றியது.

கணையம் வீங்கியிருக்கிறது, இன்னொரு முறை வந்தால் தாங்காது என்றார் டாக்டர். சாப்பாட்டோடு தினம் நான்கு மீனெண்ணெய் மாத்திரை எழுதினார். நீ படுக்கையிலிருந்தே சிரித்தாய். "மீன் புடிக்கிறவனுக்கே மீன் மாத்திரையா? எங்கப்பா காட் மீன் ஈரல் எண்ணெயைக் கரண்டில குடிச்சே தொண்ணூறு வரைக்கும் இருந்தாரு டாக்டர்." ஆனாலும் போடுவதாகச் சொன்னாய்.

அக்டோபர் சோதனையிலும் குழாயில் பால்தான். மருந்தும் உன்னைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்தேன். நீ கடலுக்குப் போன பிறகு, கப்பலில் தூங்கும் உன்மேல் பனி இறங்குவதுபோல் கனவுகள்.

நேற்று உன் அலமாரியில், கம்பளிக் காலுறைகளுக்கு அடியில், அந்த மாத்திரைப் புட்டிகள் மூன்றையும் பார்த்தேன். ஒன்றின் மூடிகூடத் திறக்கவில்லை. கோபம் வரவில்லை, எய்லர்ட். தரையில் உட்கார்ந்து சிரித்தேன். மருந்து தோற்கவில்லை, அதை யாரும் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மாத்திரைக்குப் பதிலாக நீ குடிக்கும் ஒரு கரண்டி ஈரல் எண்ணெயில், ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் சத்து அந்த நான்கு மாத்திரையில் இருப்பதில் கால் பங்குதான் இருக்கும். அதற்காக நான்கு கரண்டி குடித்துவிடாதே. அதிலுள்ள வைட்டமின் உன் ஈரலிலேயே தேங்கும். உன் அப்பாவின் ரத்தம் வேறு. மாத்திரை போட்டால் நோயாளி ஆகிவிடுவோம் என்று பயந்திருக்கிறாய். என்னிடம் சொல்லியிருக்கலாம். பீரையும் விட்டுவிடு. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து கரை இரண்டு நாள் தூரம். வலி அதுவரை காத்திருக்காது.

பொட்டலத்தில் இருப்பவை அந்தப் புட்டிகள்தான். இதைப் படிக்கும் இரவே சாப்பாட்டோடு இரண்டு, காலையில் இரண்டு. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்படி யுஸ்டைனிடம் சொல்லியிருக்கிறேன். உன் அலமாரியைத் துழாவியதற்கும், யுஸ்டைனிடம் சொன்னதற்கும் என்மேல் கோபம் வரும். வரட்டும். வீட்டுக்கு வந்து, எதிரே உட்கார்ந்து, இன்னும் முப்பது வருடம் கோபப்படு. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன்,
மாரித்