மடியில் வைத்த சிவப்பு அட்டை

என் குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் காது வலி விட்டதா, சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுகிறாயா என்பதுதான் இங்கே எங்கள் கவலை. உடம்புக்குக் குறையில்லை என்றேனே தவிர மனசு கொதித்துக் கிடக்கிறது, அதனால்தான் உன் கடிதம் வந்து ஐந்து நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போனில் சொல்லலாம் என்று பார்த்தால் பாதியில் எனக்கு அழுகை வந்துவிடும், இல்லாவிட்டால் உனக்கு வகுப்பு வந்துவிடும். மெசேஜில் அனுப்பினால் கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் போட்டு முடித்துவிடுவாய். இது கட்டைவிரலில் முடிகிற விஷயம் இல்லை. உன் பெயரும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் கடைசி வரை படி.

பூங்காவில் விழா தொடங்கிவிட்டது என்று சொல்லியிருந்தேன் அல்லவா, மரத்தடியில் மேடை போட்டு, நாற்காலி போட்டு, எழுத்தாளர் பேச்சும் அதற்குப் பிறகு மேடைக் கவிதையும் என்று சனி ஞாயிறுகளில் நடக்கிறது. ஐந்திலிருந்து ஐந்தரை வரை எழுத்தாளர், ஐந்தரையிலிருந்து ஆறு வரை கவிதை சொல்கிறவர்கள் ஆறு பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். ஆறு மணிக்கு மேல், கடைசி நாள் மட்டும் ஆறரைக்கு மேல், ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது, காவலாளி வந்து மின்சாரத்தை நிறுத்தி வாசலைப் பூட்டிவிடுவார். இதில் எனக்குக் கொடுத்த வேலை நேரம் பார்ப்பது. முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் இருக்கும்போது மஞ்சள் அட்டை, முடிந்ததும் சிவப்பு அட்டை. படித்த பெண், பொறுப்பாகச் செய்வாள் என்று விழாச் செயலாளரே கூப்பிட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போதே பக்கத்தில் குனிந்து, "பெரியவங்களுக்கு மட்டும் மஞ்சளோட நிறுத்திக்குங்கம்மா, சிவப்பு வேண்டாம், அது மரியாதையா இருக்காது" என்றார். அப்போது எனக்கு அது தப்பாகவே படவில்லை, சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையில் இப்போது நானே குட்டிக்கொள்கிறேன்.

முதல் வாரம் ஒழுங்காகப் போயிற்று. போன சனிக்கிழமை வந்தார் ஒரு பெரியவர். ஊரில் யார் புத்தகம் போட்டாலும் இவர் முன்னுரை இருக்கும், அதனால் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை முன்னுரை என்றுதான் சொல்கிறார்கள். பேச்சும் அப்படியே, கடைசி வரை முன்னுரையைத் தாண்டவில்லை. தான் எந்த வண்டியில் வந்தார், வழியில் யார் அடையாளம் கண்டுகொண்டார்கள், இதிலேயே இருபது நிமிடம். நான் மஞ்சளைக் காட்டினேன், அவர் எனக்கு வணக்கம் வைத்தார். ஐந்தரை ஆயிற்று, சிவப்பு அட்டை என் மடியில் கவிழ்ந்து கிடந்தது, எடுக்கவில்லை. ஐந்து நாற்பத்தெட்டுக்கு இறங்கினார். ஆறு பேரில் இரண்டு பேர்தான் கவிதை சொல்ல முடிந்தது, மீதி நாலு பேரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாலாவது ஒரு பெண், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், என் வயசுதான் இருக்கும். சாயங்கால வண்டிக்கு மாற்று ஆள் பிடித்துவிட்டு, காதோரம் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தாள். என்னிடம் வந்து, "அக்கா, வீட்ல கடிகாரம் வச்சுப் பார்த்தேன், எனக்கு நாலே முக்கா நிமிஷம்தான் ஆகுது, உங்களுக்குக் கஷ்டமே இருக்காது, நாளைக்கு வரேன்" என்றாள். எனக்குக் கஷ்டம் இருக்காதாம்! என்னைத் திட்டியிருந்தால்கூட வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வேறு எழுத்தாளர், ஒரு பெண்மணி. ஆனால் அவரோடு உரையாடுகிறவர் யார் என்று நினைக்கிறாய், நம் முன்னுரைதான். அந்த அம்மாள் எழுதிய புத்தகத்தைப் பற்றி அந்த அம்மாளுக்கே விளக்கினார். அந்த அம்மாள் வாயிலிருந்து நான் கேட்டது மூன்றே வார்த்தை, ஆமாம், இல்லை, அப்படியில்லை. மூன்றாவது வார்த்தையையும் முடிக்க விடவில்லை. ஐந்து இருபத்தெட்டுக்கு மஞ்சள். மறுபடி வணக்கம். வேன் ஓட்டுகிற பெண் மேடைப் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உதடு அசையச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்கு முதல் பெயர் அவளுடையது. நான் சிவப்பை எடுத்தேன், செயலாளர் தூரத்திலிருந்து கையைக் கீழே கீழே என்று ஆட்டினார், மடியில் வைத்துவிட்டேன். ஐந்து நாற்பது. நாற்பத்தைந்து. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், அதற்குமேல் தாங்கவில்லை குட்டிம்மா, எழுந்து நின்று சிவப்பு அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன். அந்த மனுஷன் பார்த்தார், சிரித்தார், மைக்கில், "அட்டையெல்லாம் காட்டுறாங்களே, நாம என்ன ஃபுட்பாலா ஆடிக்கிட்டிருக்கோம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் பந்தை எடுத்துக்கொண்டு மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்தது என்று கேட்காதே, விறுவிறுவென்று மேடை ஏறிவிட்டேன். அட்டையை அவர் குறிப்புத் தாள் மேல் வைத்து, "ஐயா, நீங்க முடிச்சு இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருக்கணும், இந்தம்மா நேத்தும் நின்னாங்க, இன்னிக்கும் நிக்கிறாங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், பாழாய்ப்போன மைக் பூங்கா முழுக்கக் கொண்டுபோய்விட்டது. முதலில் கைதட்டியது யார் தெரியுமா, அந்த எழுத்தாளர் அம்மாள். அப்புறம் வேன் ஓட்டுகிறவள் ஏறினாள். வேன் கண்ணாடியில் பிள்ளைகள் மூச்சுவிட்டுப் பெயர் எழுதுவதைப் பற்றிச் சொன்னாள், தினமும் நான் துடைக்கிறேன், தினமும் அவர்கள் எழுதுகிறார்கள் என்று ஒரு வரி, எழுத்துத் தெரியாத சின்னது ஒன்று வெறும் வட்டம் மட்டும் போடுமாம், அதை மட்டும் துடைக்காமல் விடுவாளாம். சரியாக நாலே முக்கால் நிமிடம். அவளுக்கு மஞ்சள் காட்டக்கூட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவளுக்குப் பின்னால் ஐந்து பேர் இருந்தார்கள், அவர்கள் நேரம் போனது போனதுதான், அதற்கு யாரும் வாய் திறக்கவில்லை.

வாய் திறந்ததெல்லாம் என் மேல்தான். செவ்வாய்க்கிழமை செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் தட்டச்சு செய்த தாள். மூத்த படைப்பாளியின் மனம் புண்படும்படி அவையில் நடந்துகொண்டமைக்கு வருந்துகிறேன், கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. எனக்கு வேலை மிச்சம் பார். தண்ணீரைக் குடித்துவிட்டு, "உங்க பொண்ணு பேரு கடைசி நாள் நிரல்ல இருக்கு, நான் ஒண்ணும் சொல்லலம்மா, வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிங்க" என்று எழுந்தார். ஒன்றும் சொல்லாமலே எல்லாம் சொல்லிவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்களே! அப்பா கதவைச் சாத்திவிட்டு, "ஒரு கையெழுத்துதானே, பொண்ணுக்காகப் போட்டுடேன்" என்கிறார். "பொண்ணு அஞ்சு நிமிஷம் பேச நான் ஆயுசுக்கும் வாயை மூடணுமா?" என்று கேட்டேன். "உனக்குக் கோபம் வந்தா உனக்கு. அவ மூணு மாசமா பழகுறா, அவளைக் கேட்டியா?" என்றார். அன்றைக்கு முழுவதும் அவரோடு பேசவில்லை. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கோபம்.

உன்னைக் கேட்கவில்லை குட்டிம்மா. மேடை ஏறும்போது உன் பெயர் எனக்கு நினைவே வரவில்லை. கையில் உன்னை வைத்துக்கொண்டு கடைசி வருடப் பரீட்சை எழுதினவள் நான், எனக்கும் உனக்கும் பத்தொன்பது வயசுதான் வித்தியாசம், உன்னை மறந்து நான் செய்த காரியம் அநேகமாக இது ஒன்றுதான். மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன் பார், நீ சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன் என்று எழுதியிருந்தேன். பொய், அதனால் அடித்தேன். நீ சொன்னாலும் போடமாட்டேன். உன்னிடம் மட்டும் மன்னிப்புக் கேட்பேன், அதற்குத் தட்டச்சு வேண்டாம்.

நேற்று இங்கே நிறுத்தி வைத்திருந்தேன். இன்று வியாழக்கிழமை, காய்கறிக்குப் போகிற வழியில் பூங்கா வாசலில் புதிய நிரல் ஒட்டியிருந்தது. உன் பெயர் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன், இல்லை. வெள்ளிக்கிழமை வரை யோசியுங்கள் என்றவர் வியாழக்கிழமையே எடுத்துவிட்டார், அப்படியென்றால் அந்தக் கையெழுத்து எதற்கு, சட்டம் போட்டு மாட்டவா? உன் பெயரும் உனக்குப் பின்னால் இருந்த இரண்டு பேர் பெயரும் இருந்த இடத்தில் இப்போது ஒரே வரி, நிறைவுரை, பதினைந்து நிமிடம். யார் என்று நீயே சொல்லு. அந்த மனுஷன் நிறைவுரை பேசப் போகிறாராம், அதுவும் பதினைந்து நிமிடத்தில்! நடுத்தெருவில் நின்று அழுதேன், காய்கறிக்காரர் எடைக்கல்லைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய், அந்தத் தட்டச்சுத் தாளை நாலாக மடித்து ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை இப்போது ஆடவில்லை.

ஆனால் நிரலின் அடியில் சின்ன எழுத்தில் ஒலி, ஒளி, நாற்காலி என்று வேலை செய்கிறவர்கள் பட்டியல் இருக்கும் அல்லவா, அதில் நேரக் கண்காணிப்பு என்ற இடத்தில் என் பெயர் அப்படியே இருக்கிறது. கோபத்தில் மேலே மட்டும் அடித்துவிட்டுக் கீழே பார்க்கவில்லை. இரண்டு அட்டையும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. வேன் ஓட்டுகிறவளும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறாள். அதனால் ரயில் டிக்கெட்டை ரத்து செய்யாதே. வருகிற ஞாயிறு இல்லை, அதற்கடுத்த ஞாயிறு. மேடைப் படிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார். பதினைந்தாவது நிமிடம் நான் எழுந்திருப்பேன், பதினாறாவது நிமிடம் யாருடையது என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

நல்லபடியாக இரு, தைரியமாக இரு, உன் குரல் எந்தக் காலத்திலும் அடங்கக்கூடாது என்பதுதான் என் ஆசீர்வாதம். காதில் பஞ்சு வைத்துக்கொள், ரயிலில் வாசற்படியில் நிற்காதே, கவிதையைத் தாளைப் பார்க்காமல் சொல்லுமளவுக்குப் பழகிக்கொண்டு வா, ஐந்து நிமிடத்துக்கு ஒரு விநாடி மேலே போனாலும் உனக்கும் சிவப்புதான்.

இப்படிக்கு,
கோபத்திலும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா