மருமகள் பாறை

8 நவம்பர் 2023
காலையிலிருந்து மைசூர் வீட்டுக் குழாயில் தண்ணீர் இல்லை. நஞ்சுண்டசாமியின் போன்தான் வந்தது. ராமாபுரத்துப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வரலாற்று மலர் போடுகிறாராம். "காலேஜ்ல பூகோளம் சொல்லிக் குடுத்தவங்க நீங்க. உங்கள விட்டா நம்ம ஊரப் பத்தி எழுத வேற யாருங்க மேடம் இருக்கறாங்க?" இந்த ஆளுக்குப் பூகோளம் என்றால் சுவரில் மாட்டுகிற படம். ஒப்புக்கொண்டேன். ஏன் ஒப்புக்கொண்டேன்?

19 நவம்பர்
எழுதி முடித்தேன். மலையிலிருந்து நேரே வடக்கே, காட்டுக்குள் ஓடியிருக்க வேண்டியது எங்கள் பள்ளம். ஓடைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஊருக்கு மேலே ஒரு மொட்டைப் பாறையில் முட்டிக் கிழக்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தால்தான் வண்டல் சேர்ந்தது, ஜனம் வந்து குடியேறியது, ராகி விளைந்தது. என் தம்பி சித்தையனின் கிணற்றில் தண்ணீர் இருப்பதும் அதனால்தான். நன்றாகவே எழுதியிருக்கிறேன். நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்.

24 நவம்பர்
திருவிழாக் கமிட்டிக்குப் பிடிக்கவில்லையாம். "வெறும் கல்லும் மண்ணுமா இருக்குதுங்க மேடம். ராஜா யாராச்சும் குதிரைக்குத் தண்ணி காட்டுனாரு, சாமி வந்து எறங்குச்சு, அப்படி ஒண்ணு போடுங்க."
கமிட்டியாம். ஒரு கல்யாண மண்டபம், இரண்டு உரக்கடை, ஒரு மீசை. இதுகள் நடுவில் போய் வண்டலைப் பற்றிப் பேசினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

25 நவம்பர்
வயிற்றெரிச்சலில் ஒரு கதை எழுதி அனுப்பினேன். ஒரு மருமகள், களிக்காக மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு போய்ப் பள்ளத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு என்றது தண்ணீர். எழவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீரே சுற்றிக்கொண்டு போனது. அவள்தான் பாறையானாள். இதைவிட மட்டமாக ஒன்று எனக்குத் தோன்றவில்லை. படித்தாவது வெட்கப்படட்டும்.

26 நவம்பர்
"சூப்பருங்க மேடம்."

14 ஜனவரி 2024
மலர் வந்தது. முதல் பக்கத்தில் நஞ்சுண்டசாமி, கைகூப்பியபடி. அடுத்த பக்கத்தில் நஞ்சுண்டசாமி, மாலையோடு. உள்ளே எங்கேயோ என் மருமகள். அடியில் என் பெயர், பட்டத்தோடு. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

2 மார்ச்
சித்தையன் பேசினான். அவன் மருமகள் அஷ்வினி மாமியாரோடு பேச்சு முற்றி, நேராகப் பாறையில் போய் உட்கார்ந்துவிட்டாளாம். புருஷன் போய்க் கெஞ்சிக் கூட்டி வந்தானாம். "எல்லாம் நீ எழுதுனதுதான்க்கா. இப்ப ஊர்ல எவளுக்குக் கோவம் வந்தாலும் அங்கதான் போறா. மஞ்சப் பூசி, சீலை சாத்தியாச்சு."
இந்த ஜனங்களுக்குத் தலை இருப்பது எண்ணெய் தேய்க்கத்தான். நான் எழுதிய ஒரே குப்பையைச் சாமியாக்கிவிட்டார்கள்.

11 ஏப்ரல்
பாறையை உடைக்கப்போகிறார்கள். கல் குவாரி. லைசென்ஸ் யார் பேரில்? நஞ்சுண்டசாமி! கல்லும் மண்ணுமா இருக்கு என்று மூக்கைச் சுளித்த அதே ஆளுக்கு இப்போது கல் இனிக்கிறது.
பாறை போனால் பள்ளம் நேரே காட்டுக்குள் இறங்கிவிடும். சித்தையன் குரலே சரியில்லை. "கெணறு வத்திப்போச்சுன்னா நான் எங்கக்கா போவேன்? இந்த வயசுல மைசூர் வந்து வாட்ச்மேன் வேலை பாக்கறதா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பழைய கட்டுரையை எடுத்துக்கொண்டு நாளை சுரங்கத் துறை அதிகாரியைப் பார்க்க வேண்டும்.

12 ஏப்ரல்
அதிகாரி முதல் பக்கத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். வைத்துவிட்டுப் போங்கள் என்றார். கட்டுரைமேல் டீ டம்ளரை வைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

3 மே
நஞ்சுண்டசாமி வீட்டுக்கே வந்தார், பழக்கூடையோடு. மெஷின் போகும்போதெல்லாம் பெண்கள் பாறைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்களாம். சாமி இருக்கிற கல், தொடக்கூடாது என்று மனு வேறு கொடுத்திருக்கிறார்களாம், என் கதையைச் சேர்த்து வைத்து.
"அது சும்மா எழுதுனதுன்னு ஒரு வரி குடுத்துருங்க மேடம். உண்மையத்தானுங்க கேக்கறேன்."
இத்தனை வருஷம் உண்மையைச் சொல்லித் தொண்டை வற்றியவள் நான். அதைக் கேட்டு வீடு தேடி வந்த முதல் ஆள், இந்த ஆளா? ஒரு வரிதான். எழுதிக் கொடுத்தால் என் பெயர் சுத்தமாகிவிடும். சித்தையன் கிணறு?
"நீங்க அச்சடிச்ச மலருங்க," என்றேன். "அதுல பொய் வருமா?"
பழக்கூடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அற்பம்.

9 மே
ஊருக்கு வந்தேன். பாறையெல்லாம் மஞ்சள், எலுமிச்சம்பழம், கிழிந்த சீலை, பார்க்கச் சகிக்கவில்லை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மெஷின். கதையையும் கெடுத்து வைத்திருக்கிறார்கள். களிச் சண்டை இல்லையாம், மோர்ச் சண்டையாம். களிதான் என்று அஷ்வினியிடம் சொன்னேன்.
"மைசூர்ல இருக்கற உங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியும் அத்தே? மோருதான். செருப்பக் கழட்டிப் போட்டு உக்காருங்க."
கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். கல் கொதித்தது. எழுந்திரிங்கம்மா என்று மெஷின் டிரைவர் வந்து என்னிடம்தான் சொன்னான், படித்தவள், சொன்னால் கேட்பாள் என்று நினைத்திருப்பான். எழவில்லை.
பொழுது சாயும்போது மெஷின் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.