செவ்வந்திக்கல்லில் இருந்த மெழுகு

ஆரப்பாளையம், மதுரை
19 ஆகஸ்டு 1934

அன்புள்ள மகன் சந்தியாகுவுக்கு அப்பா எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம், ரங்கூனில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. தங்கச்சி தெரசாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை நிலைத்துவிட்டது, கூடவே வாயும் நீண்டுவிட்டது.

நீ வாங்கி அனுப்பிய செவ்வந்திக்கல்லைப் பற்றித்தான் எழுத வேண்டும், மூன்று நாளாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். பிரசவத்தில் பெண்சாதி பிழைத்ததற்காக உசிலம்பட்டி மைக்கேல்ராஜ் தன் ஊர்க் கோவிலுக்கு நேர்ந்துகொண்ட மாதா சுரூபத்தை அதில்தான் செதுக்கினேன், தேங்காய்ப் பருமன் ஒரே கல்லில், பாலனைக் கையில் ஏந்தியபடி. அடுத்த மாதம் மாதா பிறந்தநாளுக்கு வைக்க வேண்டியது. ஏழு மாதம் குருந்தப்பொடியும் சக்கரமுமாகத் தேய்த்தேன். முக்காட்டு மடிப்பைப் பார்த்து அம்மாவே சிலுவை போட்டுக்கொண்டாள். போன செவ்வாய்க்கிழமை மெருகு போடும்போது கல் சூடேறி, பாலன் கழுத்தோரம் என்னவோ கசிந்தது. துடைத்தால் கல்லின் நிறத்திலேயே ஊதா மெழுகு. நான் கையை எடுப்பதற்குள் பாலன் தலை என் உள்ளங்கையில் வந்து விழுந்துவிட்டது. ஐயோ சந்தியாகு, அந்த நேரம் எனக்கு உயிரே இல்லை.

உள்ளே பழைய விரிசல், யாரோ மெழுகு ஊற்றி அடைத்திருக்கிறான். வேறு எவன் கல் கொடுத்தாலும் முதலில் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றி, மெழுகு கிழுகு வெளியே வருகிறதா என்று பார்ப்பேன், உனக்குத் தெரியும். மகன் பார்த்து வாங்கிய கல்லையா வேகவைப்பது என்று விட்டுவிட்டேன். புத்தி கெட்டவன் நான். ஆனால் அந்த மெழுகைத் தணலில் காட்டினேன், குங்கிலியம் மணத்தது. மெழுகில் குங்கிலியம் சேர்த்து விரிசல் அடைப்பது நம் பட்டறைப் பக்குவம், இந்த ஊரில் வேறு ஒருவனும் செய்வதில்லை. அங்கே எவனுக்காவது சொல்லிக்கொடுத்தாயா? இல்லை, உன் கைதானா?

மைக்கேல்ராஜிடம் என் கை தவறிவிட்டது என்று சொல்லிவிட்டேன். மனுசன் சத்தம் போடவில்லை. அண்ணே, உங்க கைய நம்பித்தான இம்புட்டு நாளும் இருந்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, உடைந்த இரண்டையும் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். முப்பது வருஷத்தில் ஒருவரும் என் கையைக் குறை சொன்னதில்லை. அந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். யாரைக் காப்பாற்றப் பொய் சொன்னாய் என்று சாமியார் கேட்டார். அதுதான் எனக்கே தெரியவில்லை சாமி என்றேன்.

மழைக்காலம், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. பூசைக்குத் தவறாதே. மாதா உன்னைக் கைவிடமாட்டாள், நானும் விடமாட்டேன். பதிலில் அங்கத்திய சேதியெல்லாம் எப்போதும்போல எழுது. நான் கேட்டதற்கு மட்டும் தனித்தாளில் எழுது, உன் கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
வி. சவரிமுத்து