கேஜில் இறக்கியது யாரை

அன்புள்ள லவினாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம். ஸ்பெயின் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொன்னால் நீ நடுவில் சிரித்துவிடுவாய், நானும் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால்தான் காகிதம் எடுத்தேன். உன் கல்யாணப் பேச்சு என்னால் நின்றுபோயிருக்கிறது.

இரண்டு வாரம் முன்பு நீ கூப்பிட்டபோது லைன் விட்டுவிட்டுத்தான் கேட்டது. "ரெண்டு ஷிப்டும்மா, மேல்ஸை மட்டும் கேஜ்ல போட்டு எறக்கி காமா குடுக்கிறோம், அதுக்கப்புறம் புள்ளையே பொறக்காது" என்றாய். தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் பிறந்தவளுக்கு ஷிப்ட், கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்கத்தில் இறக்கும் கூண்டைத் தவிர வேறு என்ன தோன்றும். ஆம்பிளைகளை ஷாப்டுக் குழிக்குள் இறக்கிக் கதிர் பட வைக்கிறார்கள், பிழைப்புக்காக அவர்களும் இறங்குகிறார்கள், என் மகள் மேலே நின்று பெயர் கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டேன். உன்னைத் திரும்பக் கேட்க வாய் வரவில்லை. வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாத நான் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அதை ஜெபக் குறிப்பாக எழுதிக் கொடுத்தேன். சபை மூப்பர் பர்னபாஸ் தனியாக ஜெபிப்பார் என்று எண்ணம். அவரோ ஞாயிறு ஆராதனையில் மைக்கைப் பிடித்து, காமா கதிரால் மலடாக்கப்படும் அந்நிய தேசத்துச் சகோதரர்களுக்காகவும் அவர்களோடு வேலை செய்யும் நம் லவினாவுக்காகவும் என்று ஜெபித்துவிட்டார். மூன்றாவது பெஞ்சில் உனக்குப் பேசியிருக்கும் எல்வினுடைய அம்மா பியாட்ரிஸ் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கே வந்தாள். "இன்னா பியூலா, ஜனவரில கல்யாணத்த வெச்சிக்கினு இத மறைச்சிட்டியே, நாளைக்கு எனக்குப் பேரப்புள்ள வேணாவா, பொண்ண வேலைய வுட்டுட்டு வரச்சொல்லு, டாக்டராண்ட சர்டிபிகேட் வாங்கினு வா, அப்பறம் பாக்கலாம்" என்றாள். அப்பா "பொறுங்க சிஸ்டர்" என்பதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள். அன்றுதான் காரணம் சொல்லாமல் அந்தக் கேஜின் போட்டோ அனுப்பச் சொன்னேன். வந்தது உள்ளங்கை அளவு வலைப்பெட்டி, உள்ளே சிவப்பரிசி போலப் பழ ஈயின் கூட்டுப்புழுக்கள். அப்பா சிரித்தார். பிறகு தேடித்தேடிப் படித்தேன். கதிர் பட்ட ஆண் ஈக்களை ஆரஞ்சுத் தோட்டத்தில் விட்டால், அவற்றோடு சேரும் பெண் ஈயின் முட்டை பொரிக்காது, மருந்து அடிக்காமலே பூச்சி குறையும் என்று போட்டிருந்தது. பேத்தமங்களாவிலிருந்து வரும் மாம்பழத்தை அறுத்து எத்தனை முறை புழுவை வழித்துப் போட்டிருப்பேன், நல்லதுதான். ஆனாலும் வெறும் முட்டை என்று தெரியாமல் அந்தப் பெண் ஈ பழம் பழமாகத் தேடிப்போய் இடுமாமே, அதைப் படித்தபோது பாவமாக இருந்தது.

நேற்று ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் நானே எழுந்து, என் மகள் இறக்குவது ஈயை, மனுஷரை அல்ல, தப்பு என்னுடையது என்றேன். "அப்ப ஒரு வாரமா ஈக்குத்தான் ஜெபம் பண்ணினு இருந்தோமா" என்று பின்வரிசையில் யாரோ கேட்க, சபையே சிரித்தது. பியாட்ரிஸ் சிரிக்கவில்லை. வாசலில் என் கையைப் பிடித்து, "சரி, ஈயாவே இருக்கட்டும் பியூலா, உம்பொண்ணு அந்தக் கதிர் பக்கத்துலதானே நிக்கறா" என்றாள். சண்டைக்குக் கேட்கவில்லை, பயந்து கேட்டாள்.

வேலையை விட்டு வா என்று நான் எழுதமாட்டேன். மகளிடம் சர்டிபிகேட் கேட்கமாட்டேன் என்று பியாட்ரிஸிடமே சொல்லிவிட்டேன். எல்வின் இன்னும் வாய் திறக்கவில்லை, அவனோடு பேசுவதும் பேசாததும் உன் விருப்பம். ஆனால் அந்தக் கதிர் வெளியே கசியுமா, நடுவில் தடுப்பு என்ன இருக்கிறது, நீ எவ்வளவு தூரத்தில் நிற்கிறாய், உள்ளதை உள்ளபடி எழுது, நல்லதை மட்டும் பொறுக்கி எழுதாதே. பியாட்ரிஸுக்குக் காட்ட அல்ல. அவள் கேட்பதற்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டியது அது. நீ நிற்கும் இடத்தில் ஆண்டவர் உனக்கு முன்னால் நிற்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா பியூலா
கோரமண்டல், கே.ஜி.எஃப்.