சின்னையனுக்கு நான் அனுப்பிய நோட்டீஸ்

2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40. கேமரா கணக்குப்படி கடையிலிருந்து பணம் தராமல் எடுத்துப் போன பொருள்கள் இருபத்து மூன்று.

கண்ணு சண்முகப்பிரியா, அப்பா எழுதுகிறேன். டெல்லிக் குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அடிபட்டது என் மானம் மட்டும்தான், அதற்குச் செம்மேட்டு ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது. போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நான் பாதியில் வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

அம்மா தன் தங்கை பிரசவத்துக்குப் புளியஞ்சோலை போயிருந்த பதினெட்டு நாளில் நான் செய்த கூத்து இது. ஆவணியில் நானே மாட்டிய நான்கு கேமராவின் பழைய பதிவையும் தனியாக உட்கார்ந்து நாற்பத்தொரு மணி நேரம் பார்த்தேன். மேட்டுக்காட்டு விவசாயி சின்னையன், நான் சரக்கெடுக்கச் சேந்தமங்கலம் போகிற நாளாகப் பார்த்து வருகிறான், சோப்பு எடுக்கிறான், எண்ணெய் எடுக்கிறான், ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறான். அந்த நேரத்துக்குப் பில் இல்லை. கும்பிடு வேறா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போலீசுக்குப் போனால் தண்டனைதான் கிடைக்கும், நட்டம் திரும்ப வேண்டுமென்றால் சிவில் வழக்கு, அதற்கு முதலில் வக்கீல் நோட்டீஸ் என்று சட்டம் படிக்கிற நீதானே முன்பொரு கடிதத்தில் எழுதியிருந்தாய். நட்டத்தை மட்டும்தான் கேட்கலாம், ஆத்திரத்துக்கு விலை போடக் கூடாது என்று கடைசி வரியில் எழுதியிருந்ததையும் படித்தேன், கொஞ்சம் வேகமாகப் படித்தேன். பொருளுக்கு 1,870, கேமராவுக்கு 14,500, நான் பதிவு பார்த்த நேரத்துக்கு மணிக்கு முந்நூறு வீதம் 12,300, மன உளைச்சலுக்கு 5,000, ஆக மொத்தம் 33,670 ரூபாய். வக்கீல் பூபதி பார்த்துவிட்டு, ஏனுங்க, கேமரா வாங்கச் சொல்லி அவரா கேட்டாருங்க என்றார். டிப்ளமோ படித்தவன் போட்ட கணக்கு, தட்டச்சு மட்டும் செய்யுங்கள் என்றேன். நோட்டீஸ் போயிற்று. கேமராவில் கிடைத்த படத்தைப் பெரிதாக அச்செடுத்து, கீழே திருடன் ஜாக்கிரதை என்று எழுதிக் கடைக் கதவிலும் ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை அம்மா வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதைத்தான் பார்த்தாள். ஏனுங்க, நாலு கேமரா வெச்சவருக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வாய் இல்லீங்களா என்றாள். விஷயம் இதுதான். சின்னையன் தன் காட்டு மிளகைக் கடைக்குப் பின்னால் நம் சமையற்கட்டு வாசலில் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகக் கடையில் சாமான் எடுத்திருக்கிறார். கும்பிடு கல்லாவில் இருந்த அம்மாவுக்கு. கேமரா மூன்று அலமாரியையும் ஒன்று முன்வாசலையும் பார்த்தபடி இருக்கிறது, கல்லாவையும் பின்வாசலையும் பார்க்க ஒன்றும் இல்லை, நம் ஊட்டை நாமே ஏன் வேவு பார்ப்பது என்று விட்டவன் நான். இன்னும் கேள். சொட்டுநீர் போட்டதில் நம் பன்னிரண்டு மிளகுக் கொடியில் இருபத்திரண்டு கிலோ காய்த்தது என்று உனக்குப் பெருமையடித்தேனே, அதில் ஒன்பது கிலோ சின்னையனுடையது. அம்மா என் டிரம்மிலேயே கொட்டி வைத்திருக்கிறாள், நான் எங்கள் தோட்டத்து மிளகு என்று பாக்கெட் போட்டு விற்றுவிட்டேன். யார் சரக்கை யார் பணம் தராமல் எடுத்தது என்று சட்டம் படிக்கிற நீயே சொல். நான் கணக்குப் போட்ட மாதிரியே அவரும் போட்டால் கடையையே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

நேற்று அவர் ஊட்டுக்குப் போனேன். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து மலையில் எந்தக் கடைக்குள்ளும் அவர் கால் வைக்கவில்லை, உப்புக்குக்கூட பஸ் ஏறி மலையிறங்கிக் காளப்பநாயக்கன்பட்டி போகிறார். மிளகு விலையில் அவர் எடுத்த சாமான் போகப் பாக்கிப் பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை. என்ற பேத்தி நாலு நாளா பள்ளிக்கூடம் போகலீங்க, திருடன் பேத்தின்னு கூப்பிடறாங்களாம், அதுக்கு எத்தனை ரூவா போடுவீங்க என்றார். படத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். கிழிக்காதீங்க, கிழிச்சா நாந்தான் ராத்திரியில வந்து கிழிச்சேம்பாங்க, படம் அங்கியே இருக்கட்டும், கீழ எழுதுனதை மாத்துங்க, எல்லாரும் பாக்க உங்க கையால மாத்துங்க என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே, பரீட்சை நல்லபடியாக முடியட்டும், நீ நீதிமன்றத்தில் நிற்கிற நாளில் என்னைப் போன்ற கட்சிக்காரன் உனக்கு வாய்க்காமல் இருக்கட்டும். இனி நான் செய்யப் போவது:

1. இன்றைக்கே பூபதியைப் பார்த்து நோட்டீஸைத் திரும்பப் பெறுவது. அவர் ஏதாவது சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேட்பது.
2. மீதி மிளகு பாக்கெட்டுகளில் எங்கள் தோட்டத்து என்பதைக் கோடு போட்டு அடிப்பது.
3. பாக்கிப் பணத்தை அம்மா கையில் கொடுத்தனுப்புவது, சமையற்கட்டு வாசல் வழியாக.
4. நாளை காலை எட்டே முக்காலுக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது, ஸ்டூல் போட்டு ஏறி, பழைய எழுத்தை அழித்து, "இவர் சின்னையன். இந்தக் கடைதான் இவருக்குக் கடன்பட்டது. தப்பு என்னுடையது, வேல்முருகன்" என்று எழுதுவது. அவர் பேத்தி வந்து படித்து முடிக்கும்வரை இறங்காமல் நிற்பது.
5. வாசல் கேமராவில் அது பதிவாகும். உனக்கு அனுப்புகிறேன், சிரித்துக்கொள்.

அன்புள்ள அப்பா,
வேல்முருகன்