அளந்து கெடுத்த சூரியகாந்தி

கோடைக்கானல்
28-6-1961

அன்பு மகள் ஆசியாவுக்கு அத்தா எழுதுவது, ஸலாம். ஆண்டவன் கிருபையால் நானும் உன் அம்மா சபுராவும் சுகம். பினாங்கில் நீயும் மருமகனும் பேரனும் அதுபோல் இருக்க துஆச் செய்கிறோம்.

உன் கல்யாணப் பிரியாணி வேகவில்லை என்று நாலு பேர் முன்னால் சொன்ன உன் மாமா அமானுல்லாவோடு நான் மூன்று வருடமாகப் பேசவில்லை, உன் அம்மாவையும் அங்கே போகவிடவில்லை என்பது உனக்குத் தெரியும். வேகாதது அரிசியல்ல, அவர் புத்தி, அது இருக்கட்டும். பிப்ரவரியில் பள்ளங்கி ஊர்ப் பழனிச்சாமி மூலம் அவர் சொல்லியனுப்பினார். மே பதினைந்தில் யார் போட்ட சூரியகாந்தி உயரமோ அவர் ஜெயித்தவர், தோற்றவர் குடும்பத்தோடு மற்றவர் வீட்டுக்கு முதலில் போய் ஸலாம் சொல்ல வேண்டுமாம். எட்டாவது தாண்டாத மனிதர், இன்டர்மீடியட் படித்த எனக்குச் சவால் விடுகிறார். ஒத்துக்கொண்டேன். தினமும் காலையில் துணிக்கடை டேப்பால் ஐந்து செடிகளையும் அடி முதல் நுனி வரை நீவி நிமிர்த்தி அளந்து, இலை இலையாகத் துடைத்து வந்தேன். உன்னைக்கூட அப்படி வளர்க்கவில்லை என்று உன் அம்மா சொன்னாள். செடிகளோ இடுப்புக்கு மேல் வரமாட்டேன் என்றன. சமையற்கட்டுக்குப் பின்னால் யாரும் சீண்டாமல் தானாக முளைத்த ஒன்று மட்டும் கூரையைத் தொட்டது. விதைத்தது அல்ல, அதனால் செல்லாது என்று நடுவனாக நின்ற பழனிச்சாமி சொல்லிவிட்டான். கடைசியில் உன் மாமாவுடையது எட்டடி, என்னுடையது மூன்றரை.

விதையில்தான் சூது என்று ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு, செண்பகனூரில் செடிகளை ஆராயும் ஒரு பாதிரியாரிடம் போனேன். நான் செய்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். தொடத் தொடச் செடிக்குள் இருக்கும் உயிரணுக்கள் காற்று வந்து மோதுவதாக எண்ணி, நீளுவதை விட்டுவிட்டுத் தண்டைத் தடிப்பாக்கிக்கொள்ளுமாம். நான் வளர்த்தது செடியல்ல, தூண் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அம்மா வியக்கவே இல்லை. பாதையோரம் சேலை உரசுகிற மிளகாய் நாற்று குட்டையாகவே நிற்பதை வருடாவருடம் பார்க்கிறாளாம். பின் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"எங்கண்ணன் வாசல மிதிச்சு மூணு வருசமாச்சுங்க. நீங்க தோத்தாத்தான நான் போக முடியும். அதான் தெனமும் டேப்ப நானே எடுத்துக் குடுத்தேன்" என்றாள்.

ஒத்துக்கொண்டபடி உன் மாமா வீட்டுக்குப் போனோம். அண்ணனும் தங்கையும் அழுதார்கள். அங்கே போட்ட பிரியாணி நன்றாக வெந்திருந்தது, நான் சொல்லவில்லை. அடுத்த போட்டிக்கு ஆகஸ்டைக் குறித்திருக்கிறோம். என் செடிகளை இப்போது திரும்பியும் பார்ப்பதில்லை. வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்ததும் உன் அம்மாவை அழைத்துக்கொண்டு உன் மாமா வீட்டுக்குப் போய், அவருடைய நாற்றுகளை அன்போடு தடவிக்கொடுத்துவிட்டு வருகிறேன்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். பேரனை மழையில் விடாதே. மாமாவுக்குக் கடிதம் போட்டால் பாதிரியார் சொன்னதை மட்டும் எழுதிவிடாதே.

உன் அத்தா,
மு. சாகுல் ஹமீது