ஓட்டையில் வைத்த எழுத்து

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது தெரிகிறதே என்று வேறு தாள் எடுக்கவில்லை.

அச்சகத்திலிருந்து புத்தகத்தின் மெய்ப்பு வந்தது. அப்பா ஆயுசெல்லாம் ஓலை ஏட்டைப் பார்த்துப் படியெடுத்த பாட்டுகள். அட்டையில் உன் பெயர் பெரிதாக, அவர் பெயர் காலடியில். அதற்குக்கூட நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

பன்னிரண்டாம் பாட்டின் கடைசி அடிக்காகத்தான் இந்தக் கடிதம். வாசலில் நிற்கிறவள் 'வருவார்கொல்' என்கிறாள். வருவாரோ மாட்டாரோ என்ற ஏக்கம். ஏட்டில் அந்த இடத்தில் ஒரு பூச்சி ஓட்டை. அது எழுதும்போதே இருந்த ஓட்டை, எழுதியவன் அதைத் தாண்டித்தான் எழுதியிருக்கிறான், எழுத்து எதுவும் போகவில்லை என்று அப்பா லென்ஸ் வைத்துக் காட்டினார். நீயும் பக்கத்தில்தான் இருந்தாய்.

இப்போது அந்த ஓட்டையில் ஒரு 'க்' வைத்து, 'வருவார்க் கொல்' என்று போட்டிருக்கிறாய். வருகிறவர்களைக் கொல்லு! தெலுங்கு, கன்னடப் பேராசிரியர்கள் முன்னால் எங்கள் போர்ப்பாட்டுதான் மூத்தது என்று மார்தட்ட உனக்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது. போதாததற்கு, தந்தையாரின் கனிந்த மனம் இதைக் காணத் தவறியது என்று முன்னுரையில் ஒரு குத்து.

அப்பாவுக்குப் பார்வை சுத்தமாகப் போய்விட்டது. வாசித்துக் காட்டச் சொன்னார். அந்தப் பாட்டைத் தாண்டிப் போனேன். "பன்னிரண்டு எங்கடி? என்னையே ஏமாத்தப் பாக்கறியா?" என்றார். வாசித்தேன். கடைசி அடியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "அந்தப் பொண்ணு கையில அரிவாளக் குடுத்துட்டானா? சரி, என் பேர எடுத்துடச் சொல்லு" என்றார்.

அச்சகத்துக்குப் போனேன். முதலாளி கையை விரித்தார். "பதிப்பாசிரியர் தம்பிதாம்மா. அவர் சொல்லாம ஒரு புள்ளியக்கூடத் தொட மாட்டேன். திங்கக்கிழமை மெஷின் ஓடிரும்" என்றார்.

ஆகவே இரண்டில் ஒன்றை முதலாளிக்கு எழுது. அந்தக் 'க்' போக வேண்டும், இல்லை அப்பா பெயர் போக வேண்டும். பெயரை எடு என்று உன் கையால் நீயே எழுது. நான் எழுத மாட்டேன்.

வீட்டுக்குப் போன் மட்டும் செய்யாதே. உன் குரல் கேட்டால் மனுஷர் குழைந்துவிடுவார். "அது இருந்துட்டுப் போகட்டும்டா, நீ எப்ப வர்றே?" என்பார். அதைப் பக்கத்தில் நின்று கேட்க என்னால் ஆகாது.

நோய்நொடியில்லாமல் இரு.

அக்கா